அம்மாவின் கவலையைப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டாம்

(கண்டிப் பிராந்திய மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்புக் கழுவவும் விறகு பொறுக்கவும் பிள்ளைக்குத் தலை பார்க்கவும் உங்களுக்கு இருக்கிற ஒரே நாள். அந்த நாளை விட்டுவிட்டு கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் ஹேவாஹெட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் பலர் வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பிறகு பேசுவார். எங்களுக்குத் தந்திருக்கும் நேரத்தில் நாங்கள் மனசைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் மனசுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். கடைசியில் அது பேரிலும் சம்பளத்திலும் வந்துதான் நிற்கும்.

முதலில் ஒரு கதை. நடந்த கதை. அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் சொல்கிறோம். பேரும் தோட்டமும் சொல்ல மாட்டோம்.

எங்கள் பாடசாலையில் ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. சிங்களப் பாடத்தில் அவளைத் தாண்ட ஆள் இல்லை. திடீரென்று கிழமைக்கு இரண்டு நாள் வராமல் விட்டாள். வந்தாலும் வகுப்பில் தூங்கினாள். நாங்கள் ஏசினோம். ஆசிரியர்களுக்குத் தெரிந்த முதல் வைத்தியம் அதுதானே? அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதே நேரம் சங்கத்துக்கு வேறொரு பிராது வந்தது. கைக்குழந்தைக்காரி ஒருவருக்கு கிலோ குறைகிறது, தொடர்ந்து அரைப்பேர்தான் விழுகிறது, கங்காணி ஏசுகிறார் என்று. நாங்கள் அதை அரைப்பேர்ப் பிரச்சினையாகத்தான் எடுத்தோம். துரையிடம் போய்ப் பேசினோம், கடிதம் கொடுத்தோம். அந்த அம்மாவிடம் போய், "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மாதான் இந்தப் பிள்ளையின் அம்மா. இரண்டும் ஒரே வீட்டுப் பிரச்சினை என்று எங்களுக்குத் தெரிய இரண்டு மாதம் போனது.

குழந்தை பிறந்து சில கிழமைகளிலேயே அவருக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை அழுதால் தூக்க மனசு வரவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். லயத்தில் ஒருவர் சோம்பேறி என்றார், ஒருவர் பேய் பிடித்தது என்றார். கோடாங்கி பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு எழுதிக் கொடுத்து, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். கணவர் வேலைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு சிங்களம் சரியாக வராது. யாரைக் கூட்டிப் போனார்கள்? சிங்களம் தெரிந்த மகளை. பதினொரு வயது.

பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளை எங்களிடம் சொன்னாள்: "டீச்சர், அம்மாவுக்கு செத்துப் போகணும்னு நினைப்பு வருதான்னு டொக்டர் கேட்டாரு. நான் அத அம்மாகிட்ட கேக்கல. பயமா இருந்திச்சு. இல்லன்னு நானே சொல்லிட்டேன்."

தாய்மார்களே, அந்த டொக்டரிலும் பிழை சொல்ல முடியாது. அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். பிள்ளையும் தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் பதில் சொன்னாள். பிழை எங்கே என்றால், ஒரு தாயின் மரண நினைப்புக்கும் ஒரு வைத்தியருக்கும் நடுவில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறோமே, அங்கேதான்.

இது என்ன வருத்தம்?

எங்கள் ஆட்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருவதில்லை. தலைக்கனம், நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி, சாப்பாடு இறங்கவில்லை, "யோசிச்சு யோசிச்சு தூக்கம் இல்ல" என்றுதான் சொல்வார்கள். இரண்டு வில்லை பெனடோல் கிடைக்கும். அடுத்த கிழமை திரும்ப வருவார்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது வழமை. அது இரண்டு கிழமைக்குள் தெளிந்துவிடும். இரண்டு கிழமை தாண்டியும் துக்கம், தூக்கமின்மை, குழந்தையில் பற்றில்லாமை, நான் இருந்து என்ன பயன் என்ற நினைப்பு நீடித்தால் அது வருத்தம். காய்ச்சல் மாதிரி, பிரஷர் மாதிரி ஒரு வருத்தம். எங்களைப் போன்ற வளர்முக நாடுகளில் பிரசவித்த தாய்மாரில் ஐந்து பேருக்கு ஒருவர் அளவில் ஏதாவது மனநலக் கஷ்டத்துக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் லயத்தில் கடந்த வருடம் பிள்ளை பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைப்பேறு மட்டுமா? கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், கணவரின் குடி, அடி, மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர் வெளியில் சொல்லாத கதை, அம்மா வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இந்தக் கண்டி மலைகளில் மண் சரிந்தது. அதற்குப் பிறகு கூரையில் மழை பெய்யத் தொடங்கினாலே எழும்பி உட்காரும் பெண்கள் எங்களுக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அரிசி, பருப்பு வந்தது. கூடாரம் வந்தது. தூங்குகிறீர்களா என்று கேட்க ஆள் வந்ததா என்று உங்களுக்குள் கேட்டுக் கொள்ளுங்கள்.

பஸ் காசு இல்லாமல் போன உயிர்

இதற்கு என்ன செய்யலாம்? எங்களைப் போன்ற சனங்கள் வேறு இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர். அவரிடம் வைத்தியம் பார்த்த ஓர் இளம் பெண் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். வைத்தியம் இல்லாமல் அல்ல. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வர பஸ் காசு இல்லாமல். பஸ் காசு! கேட்கும்போது உங்களுக்கு எங்கள் மலைப் பாதைகள் ஞாபகம் வருகிறதா? தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போய் வர பஸ் காசு ஒரு பக்கம், அன்றைய பேர் போவது மறு பக்கம்.

சனங்கள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால் வைத்தியம் அவர்களிடம் போக வேண்டும் என்று அந்த டொக்டர் யோசித்தார். தலைநகரம் ஹராரேயில் 2006இல் 14 பாட்டிமாரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். டிஸ்பென்சரி மாதிரியான சிறிய கிளினிக்குகளுக்கு வெளியே ஒரு மர வாங்கு. அந்த வாங்கில் பாட்டி இருப்பார், வருத்தமுள்ளவர் பக்கத்தில் உட்காருவார், மனசில் இருப்பதைக் கொட்டுவார். அதற்கு நட்பு வாங்கு என்று பேர். அவர்களுடைய பாஷையில் இந்த வருத்தத்துக்கு இருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அளவுக்கு மீறி யோசிப்பது. நாங்கள் சொல்லும் அதே "யோசனை"தான்.

பாட்டிமார் பேசினால் வருத்தம் தீருமா என்று சிலர் சிரிக்கலாம். அதை முறையாகப் பரீட்சித்து 2016இல் வெளியிட்டார்கள். 573 பேர், பெரும்பாலும் பெண்கள். வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் ஆறு மாதத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 50 பேர் அளவில் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தார்கள். பாட்டிமாரோடு பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேர் அளவில்தான்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு வேலை நடந்தது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண்களுக்கு, எங்கள் மருத்துவமாதுகள் மாதிரியானவர்களுக்கு, மனச்சோர்வுள்ள தாய்மாரோடு எப்படிப் பேசுவது என்று பழக்கினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பேச்சுக் கிடைத்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் வருத்தம் மிச்சம் இருந்தது. கிடைக்காதவர்களில் 53 பேருக்கு. இது 2008இல் வெளிவந்தது.

இந்த இரண்டு இடத்திலும் கட்டடம் கட்டவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்களை, அந்தந்த ஊர்ப் பாஷையில் பேசுகிறவர்களைப் பழக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் டொக்டர்மார் நின்றார்கள்.

சென்னையில் ஓர் ஆலமரம்

ஆனால் எல்லா வருத்தமும் வாங்கில் பேசித் தீராது. மருந்து வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சில காலம் தங்க இடம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சென்னைக் கதை.

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், இருபது வயதுகளில் இருந்தவர்கள், தெருவில் மனம் குழம்பித் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். எங்கே கொண்டு போனாலும் சேர்க்க இடமில்லை. நாங்களே ஓர் இடம் தொடங்குவோம் என்று தொடங்கியதுதான் 'தி பேன்யன்', ஆலமரம் என்று அர்த்தம். முகப்பேரில் உள்ள அவர்களுடைய வீட்டுக்கு 'அடைக்கலம்' என்று பேர் வைத்தார்கள். தெருவில் விடப்பட்ட பெண்களைக் கூட்டி வந்து, குளிக்க வைத்து, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து, ஊர் ஞாபகம் திரும்பியதும் அவர்களின் சொந்த ஊரைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நாங்கள் கவனிக்க வேண்டியது அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்பதை. மனநல வைத்தியர் இருக்கிறார், தாதி இருக்கிறார், சமூகப் பணியாளர், உளவளத்துணையாளர் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த இடத்திலேயே சுகமாகி எழுந்த பெண்களும் வேலைக்காரராக இருக்கிறார்கள். நேற்று வருத்தத்தில் இருந்தவர் இன்று இன்னொருவரின் கையைப் பிடிக்கிறார். வீடு திரும்ப முடியாதவர்களை ஆயுசு முழுவதும் பூட்டி வைக்கவும் இல்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டாரோடு கதைக்கிறார்கள். உதவிக்கு ஓர் ஆள் கூட இருக்கிறார்.

எங்கள் நாட்டிலும் அப்படி ஒரு மனசு இருந்தது. முல்லேரியா மனநல ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக யாரும் பார்க்க வராமல் கிடந்த பெண்களை 1980களில் சாலி ஹுலுகல்ல என்ற பெண்மணி போய்ப் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'நெஸ்ட்', அதாவது கூடு. ஆரம்பம் என்ன? ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் போய்ப் பார்த்தது.

கண்டியில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. வீட்டில் அடி உதை படுகிறவர்களுக்காக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'மிதுரு பியச' என்று ஒரு பகுதி நடக்கிறது. தமிழில் நட்பு நிலையம். 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய 'சுமித்ரயோ' அமைப்பின் தொண்டர்கள் கண்டியிலும் இருக்கிறார்கள். அவர்கள் புத்தி சொல்வதில்லை, காது கொடுப்பார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். பெண்களுக்கு நடக்கும் கொடுமையைச் சொல்ல 1938. இந்த இரண்டு இலக்கத்தையும் இப்போதே போனில் போட்டு வையுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் பக்கத்துக் காம்பராவுக்கு வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உயிரை மாய்க்க முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பொலிஸ் கேஸ் ஆகும் என்று இன்னும் பயந்து ஒளிக்கிறார்கள். அந்தச் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. முயன்றவர் குற்றவாளி அல்ல. 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் அப்படிப் போனார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. கொடிய விவசாய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்தக் கணக்கு மளமளவென்று இறங்கியது. ஆகவே இது தலைவிதி இல்லை. அந்த இக்கட்டான நேரத்தைத் தாண்ட வைத்தால் ஆள் பிழைத்து வாழ்கிறார். தோட்டத்து மருந்துக் காம்பரா எப்போதும் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் சங்க வேலைதான்.

அப்படியானால் என்ன குறை? மூன்று குறை. தூரம், நாள், பாஷை. கிளினிக் கண்டியில், நாங்கள் மலையில். கிளினிக் வேலை நாளில், போனால் பேர் இல்லை. கிளினிக் நடப்பது பெரும்பாலும் சிங்களத்தில், எங்கள் துக்கம் இருப்பது தமிழில். கால் உடைந்தவர் காலைக் காட்டினால் போதும், பாஷை வேண்டாம். மனசு உடைந்தவருக்குப் பாஷைதான் காயம் காட்டும் வழி. 1987இல் கொண்டு வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொல்கிறது. அந்த எழுத்து கிளினிக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை என்றால், அதை உள்ளே கொண்டு வர வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நாங்கள் கேட்பது

முதலாவது, மனநலக் கிளினிக் கார்டு உள்ளவருக்கு, கூடப் போகிறவருக்கும், கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை வைக்கும்படி தலைமைக்கு இந்தக் கூட்டம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு முறையாவது தமிழ் பேசும் உளவளத்துணையாளர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வர வேண்டும். மனநலக் கிளினிக்கில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சுக்கு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, கண்டிக்குள் எங்கள் பெண்களுக்கு ஒரு வீடு. கைக்குழந்தையோடு நாலு நாள் தங்கி, தமிழில் பேசி, மருந்து தொடங்கி, தெம்பாகி வீடு திரும்ப ஓர் இடம். இந்த மலையடிவாரத்தில் லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட நாளிலிருந்து எங்கள் பாட்டிமார் கூடை சுமந்திருக்கிறார்கள். ஸ்டோர் கட்டினார்கள், பங்களா கட்டினார்கள். அந்தப் பெண்கள் தலைசாய்த்து அழுவதற்கு ஒரு வீடு கேட்பது பெரிய ஆசை இல்லை.

இவையெல்லாம் கிடைக்க நாள் எடுக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நாங்களே தொடங்கக் கூடியது நாலாவது. ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பெண்கள். வாய்க்காரி வேண்டாம், காதுக்காரி வேண்டும். கேட்டதைப் பீலிக்கரையில் சொல்லாதவர் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கேட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுகளிடம் போவோம். கிளினிக்குக்குப் போகிற பெண்ணோடு சிங்களம் தெரிந்த ஒரு பெரிய பெண் கூடப் போவது அவர்களின் பொறுப்பு. இன்று முதல் மகளிர் அணியின் சட்டம் ஒன்று: பிள்ளையை மொழிபெயர்க்க அனுப்ப மாட்டோம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கதையை முதன்முதல் கமிட்டியில் சொன்னபோது, "அது குடும்பப் பிரச்சினை, சங்கம் அதுல தலையிடக் கூடாது" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். நாங்களும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். அது எங்கள் பிழை. ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பராவும் பிரசவச் சம்பளமும் கூட குடும்பப் பிரச்சினையாகத்தான் இருந்தன. கேட்ட பிறகுதான் உரிமையாயின.

சாமி கும்பிடுவதை யாரும் விட வேண்டாம். கயிறும் இருக்கட்டும், கிளினிக் கார்டும் இருக்கட்டும். ஆனால் டொக்டர் தந்த மருந்து வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். இரண்டு நாளில் சுகமில்லை என்று கூரையில் சொருகி வைக்காதீர்கள். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த கிளினிக்குக்கு எங்கள் அணியின் ஓர் அக்கா கூடப் போனார். டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா அதைத் தமிழில் கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் உண்மையான வைத்தியம் தொடங்கியது. இப்போது மலைக்குப் போகிறார். சில நாள் இன்னும் இருட்டாகத்தான் விடிகிறது என்று சொல்கிறார். ஆனால் அந்த நாளில் யாரிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மகள் ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகிறாள். இப்போது வகுப்பில் தூங்குவதில்லை. கதைக்கிறாள் என்றுதான் ஏசுகிறோம்.

அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரும்பிப் பார்த்துத் தேடாதீர்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "ராத்திரி தூங்குனியா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.